மூஸ் ஏன் திரிகிறது, ஏன் தண்ணீர் விடுகிறது

தங்கச்சி, காரைக்காலில் இருந்து கல்யாணமாகி, இந்தியப் பெருங்கடலின் பிரெஞ்சுத் தீவான ரெயுனியனில் உள்ள சேந்த்-ஆந்த்ரேவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, மாமியார் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு சாக்லேட் மூஸ் (உருகிய சாக்லேட்டை முட்டை நுரையோடு கலந்து குளிரவைக்கும் பிரெஞ்சு இனிப்பு) செய்யப் போய் முதல் தடவை ரவை மாதிரித் திரிதிரியாக வந்தது, இரண்டாம் தடவை மேலே நன்றாக இருந்து அடியில் ஒரு விரற்கடைக்குப் பழுப்புத் தண்ணீர் நின்றது என்று எழுதியிருந்தீர்கள். கூடவே க்ரீம் சேர்க்க வேண்டுமா, ஜெலட்டின் போட்டால் நிற்குமா, பச்சை முட்டை சாப்பிடலாமா, காவடி விரத நாட்களில் முட்டை இல்லாமல் வழி உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். வரும் ஞாயிறு 14 பேர் என்று வேறு சொல்லியிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் புதுச்சேரிக்காரன். ரெயுனியனுக்கு வந்து மேற்குக் கடற்கரையில் ஓர் ஓட்டல் சமையலறையில் 18 வருஷம் இனிப்புப் பக்கம்தான் நின்றேன். இப்போது மலை மேலே, பிளேன் தே காஃப்ரில் வீடு. இரண்டு இடத்திலும் மூஸ் செய்து இரண்டு விதமாகவும் கெடுத்திருக்கிறேன். அதனால்தான் உங்கள் இரண்டு தோல்வியையும் படித்ததும் சிரிப்பு வந்தது, தப்பாக நினைக்காதீர்கள்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் பார்த்த செய்முறையில் தப்பு இருக்காது. 200 கிராம் சாக்லேட், ஆறு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சர்க்கரை. பிரெஞ்சு வீடுகளில் பாட்டி காலத்தில் இருந்து இதுதான், இதற்குமேல் ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் அந்தச் செய்முறைகளை எழுதியவர்கள் குளிர் நாட்டுச் சமையலறையில் நின்று எழுதினார்கள். ‘அறை வெப்பநிலை’ என்று அவர்கள் எழுதினால் 20 டிகிரி. சேந்த்-ஆந்த்ரேயில் ஜனவரி மாதம், இங்கே அதுதான் கோடை, மத்தியானம் உங்கள் சமையலறை எத்தனை டிகிரி? 30க்குக் குறையாது. ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த முட்டை 5 டிகிரி. உருகிய சாக்லேட் 50. இந்த மூன்றும் ஒரே கிண்ணத்தில் சந்திக்கிற அந்த இரண்டு நிமிஷம்தான் மூஸ். மீதி எல்லாம் பாத்திரம் கழுவுகிற வேலை.

சாக்லேட்டில் இருக்கும் கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகுகிறது, அதற்குக் கீழே போனால் கெட்டியாகத் தொடங்குகிறது. வாயில் போட்டதும் கரைவது அதனால்தான், நம் உடம்புச் சூடு அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஃப்ரிட்ஜில் வைத்ததும் மூஸ் நிற்பதற்கும் அந்தக் கொக்கோ வெண்ணெய்தான் காரணம். முட்டை நுரையின் குமிழ்களைச் சுற்றி அது உறைந்து சுவர் கட்டுகிறது. அந்தச் சுவர் ஃப்ரிட்ஜுக்குள் போன பிறகு எழும்ப வேண்டும். கலக்கும்போதே எழும்பிவிட்டால் திரி.

உங்கள் முதல் மூஸில் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரிய ஒரு வழி இருக்கிறது. அந்தத் துகளை நாக்கில் வைத்தபோது மெதுவாகக் கரைந்து சாக்லேட் ருசி வந்ததா? அப்படியானால் குளிர்ந்த வெள்ளைக் கரு பட்டு சாக்லேட் உறைந்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு முட்டையின் வெள்ளைக் கரு சுமார் 35 கிராம், ஆறுக்கு 210 கிராம். சாக்லேட்டே 200 கிராம்தான். வெள்ளைக் கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், தண்ணீரைச் சூடாக்குவது அவ்வளவு லேசு இல்லை. அதனால் 5 டிகிரி வெள்ளைக் கருவும் 40 டிகிரி சாக்லேட்டும் மோதினால் குளிர்தான் ஜெயிக்கும். கரைகிற திரி உடம்புக்குக் கெடுதல் இல்லை, சில பேருக்கு அது பிடித்துக்கூடப் போகும், ஆனால் அது மூஸ் இல்லை.

துகள் கரையாமல் மணல் மாதிரி நறநறவென்று இருந்தால் விஷயம் வேறு. சாக்லேட்டை உருக்கும்போதே போயிருக்கிறது. நேரடியாக அடுப்பில் வைத்தீர்களா, அல்லது ஆவி உள்ளே விழுந்ததா? உருகிய சாக்லேட்டில் நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அதில் உள்ள சர்க்கரையும் கொக்கோத் தூளும் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டி, களி மாதிரி இறுகிவிடும். வேடிக்கை என்னவென்றால் நாலு சொட்டுதான் விஷம், நாலு ஸ்பூன் மருந்து. இறுகிவிட்டால் தூக்கிப் போட வேண்டாம், சூடான தண்ணீரோ பாலோ டிகாஷனோ ஒவ்வொரு ஸ்பூனாக விட்டுக் கிளறினால் திரும்ப வழவழப்பாகிவிடும். மூன்றாவது வகைத் திரியும் உண்டு, மென்றால் முட்டைப் பொரியல் வாசம் வரும். அது கொதிக்கிற சாக்லேட்டில் மஞ்சள் கருவைக் கொட்டியதால் வெந்துபோனது, அதற்கு மருந்து கிடையாது, வடிகட்டிப் பார்க்கலாம்.

இப்போது உருக்குவது. பேன்-மாரி என்று இங்கே சொல்வார்கள், ஒரு சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், மேலே கண்ணாடிக் கிண்ணம், கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. தண்ணீர் கொதித்துக் குதிக்க வேண்டாம், லேசாக நடுங்கினால் போதும். சாக்லேட்டைச் சின்னச் சின்னதாக உடைத்துப் போடுங்கள், முக்கால்வாசி உருகியதும் கீழே இறக்கிவிடுங்கள், மீதி அதன் சூட்டிலேயே உருகும். கிண்ணத்தைத் தூக்கியதும் அடியை ஒரு துணியால் துடையுங்கள், அடியில் இருக்கும் ஆவித் தண்ணீர் வழிந்து வேறு பாத்திரத்தில் விழுவதால்தான் பாதிப் பேருக்குச் சாக்லேட் இறுகுகிறது. உருக்கும்போது 30 கிராம் உப்பில்லாத வெண்ணெய் சேர்த்தால் வாயில் இன்னும் பட்டுப் போல இருக்கும். கட்டாயம் இல்லை.

எந்தச் சாக்லேட் என்று கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். அட்டையின் பின்னால் கொழுப்பு என்ற இடத்தில் கொக்கோ வெண்ணெய் என்று மட்டும் இருக்கிறதா பாருங்கள். பாமாயில் கலந்த கேக் பூச்சுச் சாக்லேட் மலிவாகக் கிடைக்கும், அதில் மூஸ் நிற்கும், ஆனால் வாயெல்லாம் மெழுகு. 55 முதல் 65 சதவீதம் கொக்கோ உள்ளதுதான் இந்த அளவுக்குப் பொருத்தம். 70 சதவீதத்துக்கு மேல் போனால் கொக்கோ அதிகம், சர்க்கரை குறைவு, மஞ்சள் கரு சேர்த்ததும் கட்டிப்படும்; அப்போது 170 கிராம் போடுங்கள், அல்லது இரண்டு ஸ்பூன் சூடான டிகாஷன் விட்டு இளக்குங்கள். பால் சாக்லேட்டில் இந்தச் செய்முறையை முயலாதீர்கள், நிற்காது, தித்திப்பும் தாங்காது.

சூடு பார்க்கத் தெர்மாமீட்டர் இருந்தால் சாக்லேட் 40 முதல் 45 டிகிரியில் இருக்கட்டும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை. என் மாமியார், இந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவர், தமிழ் பேச வராது, சாமிப் பாட்டு மட்டும் தமிழில் வரும், அவர் சுண்டுவிரலால் ஒரு சொட்டு எடுத்துக் கீழுதட்டில் வைப்பார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு நொடி. சுட்டால் இன்னும் பொறுக்க வேண்டும், ஜில்லென்றால் வெந்நீர் மேல் திரும்ப வைக்க வேண்டும், இதமாகத் தெரிந்தால் தலையை ஆட்டுவார். குழந்தைக்குப் பால் கொடுக்கும் முன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்போமே, அதே கணக்கு. ஓட்டலில் இருந்த நல்ல தெர்மாமீட்டரை ஒரு நாள் வீட்டுக்கு எடுத்து வந்து அவருக்குத் தெரியாமல் வைத்துப் பார்த்தேன். 41.

முட்டையைப் பிரிப்பது ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்தவுடன், குளிராக இருக்கும்போதே. மஞ்சள் கரு உடையாமல் வரும். பிரித்த பிறகு இரண்டையும் மூடி அரைமணி நேரம் வெளியே வையுங்கள், குளிர் விடட்டும். இந்த அரைமணி நேரம்தான் நீங்கள் முதல் தடவை விட்டது. ஜனவரியில் அதற்குமேல் வைக்க வேண்டாம், நம் ஊர் வெயிலில் பச்சை முட்டை வெளியே கிடக்கக் கூடாது. ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பிரித்து அப்புறம் பெரியதில் சேருங்கள். ஆறாவது முட்டையின் மஞ்சள் உடைந்து ஐந்து வெள்ளையையும் கெடுத்தால் யாரைத் திட்டுவது? மஞ்சள் கருவில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, அது ஒரு துளி விழுந்தாலும் வெள்ளைக் கரு நுரைக்கப் படாதபாடு படும். கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் அதே கதைதான். பிளாஸ்டிக் கிண்ணம் என்ன கழுவினாலும் பிசுக்கை விடாது, எஃகோ கண்ணாடியோ எடுங்கள், அரை எலுமிச்சம்பழத்தை உள்ளே ஒரு தேய் தேய்த்துத் துடையுங்கள்.

வெள்ளைக் கருவில் உப்புப் போட்டால் நன்றாக எழும்பும் என்று எல்லோரும் சொல்வார்கள். இல்லை. உப்பு ருசிக்கு, அதைச் சாக்லேட்டில் போடுங்கள். நுரைக்கு உதவுவது புளிப்பு, நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு. பழைய பிரெஞ்சுக்காரர்கள் செம்புக் கிண்ணத்தில் அடித்ததும் இதே மாதிரியான வேலைக்குத்தான், செம்பு வெள்ளைக் கருவின் ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு நுரையைச் சீக்கிரம் உடையாமல் வைக்கும். மெதுவாக ஆரம்பித்து நடுத்தர வேகத்துக்குப் போங்கள். நுரை வெளுத்துப் பொங்கியதும் 30 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். நம் தீவின் பழுப்புச் சர்க்கரை வாசம் அருமை, ஆனால் பரல் பெரிது, நுரையில் கரையாமல் நிற்கும். மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றிப் போடுங்கள்.

எங்கே நிறுத்துவது என்பதுதான் உங்கள் இரண்டாம் மூஸின் கதை. கிண்ணத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவு கெட்டியாக அடி என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். நானும் அப்படித்தான் வருஷக்கணக்கில் செய்தேன். அது கொஞ்சம் அதிகம். பீட்டரைத் தூக்கினால் நுனி கிளி மூக்கு மாதிரி வளைந்து தொங்க வேண்டும், பளபளப்பு இருக்க வேண்டும். அங்கே நிறுத்துங்கள். அதற்குமேல் அடித்தால் நுரை பஞ்சுப் பஞ்சாகப் பிரியும், பளபளப்புப் போகும், சாக்லேட்டில் கலக்காமல் வெள்ளை வெள்ளைக் கட்டியாக நிற்கும், அதைக் கலக்க நீங்கள் இன்னும் நாலு சுற்றுக் கிளற வேண்டி வரும், குமிழ் உடையும், தண்ணீர் கீழே வடியும். நீங்கள் சொன்ன அந்த ஒரு விரற்கடைத் தண்ணீர் அதுதான். அடித்து வைத்துவிட்டுப் போன் பேசப் போனாலும் இதே கதி, ஐந்து நிமிஷத்தில் நுரை கண்ணீர் விட ஆரம்பித்துவிடும். அதனால் சாக்லேட்டும் மஞ்சள் கருவும் தயாராகிக் காத்திருக்க வேண்டும், வெள்ளைக் கரு காத்திருக்கக் கூடாது.

சரி, கலப்பது. இதமான சாக்லேட்டில் மஞ்சள் கருக்களை ஒவ்வொன்றாகப் போட்டு வேகமாகக் கலக்குங்கள். முதல் இரண்டு போட்டதும் இறுகுகிற மாதிரி இருக்கும், பயப்படாதீர்கள், மஞ்சள் கருவில் பாதி தண்ணீர்தான், ஆறும் போனதும் இளகிப் பளபளவென்று வரும். இளகாவிட்டால் ஒரு ஸ்பூன் வெந்நீர். அப்புறம் வெள்ளை நுரையில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துப் போட்டு, தயவு தாட்சண்யம் இல்லாமல் பீட்டராலேயே கலந்துவிடுங்கள். அது பலியாடு. அதன் வேலை கனமான சாக்லேட்டை இளக்கி, வரப்போகிற மீதி நுரைக்கு வழி விடுவது. மீதியை இரண்டு தடவையாகப் போட்டு, இப்போதுதான் பொறுமை. அகலமான ரப்பர் கரண்டியால் நடுவில் வெட்டி இறக்கி, அடியைத் தொட்டு, ஓரமாகத் தூக்கிப் புரட்டிப் போட்டு, மறு கையால் கிண்ணத்தைக் கால்வட்டம் திருப்புங்கள். பொங்கி நிற்கிற இட்லி மாவை அம்மா கரண்டியால் கிண்ட விடுவார்களா? ஓரத்தில் இருந்து அலுங்காமல் மொண்டு ஊற்றுவார்கள் இல்லையா, அந்தக் கை வேண்டும். வெள்ளைக் கோடு மறைந்ததும் நிறுத்துங்கள். ஒரு கோடு மீந்தாலும் பரவாயில்லை, அதை மறைக்க இன்னொரு பத்துச் சுற்றுச் சுற்றினால் எல்லாம் வடிந்துவிடும்.

கடலோரத்தில் கோடையில் செய்தால் இந்த நிலையில் கலவை ரொம்பவே தளதளவென்று, ஊற்றுகிற பதத்தில் இருக்கும். 30 டிகிரியில் கொக்கோ வெண்ணெய் உறைய மனசே வராது. கெட்டுப்போச்சு என்று நினைத்து மேலும் அடிக்காதீர்கள். உடனே கிண்ணங்களில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், நாலு மணி நேரத்தில் நிற்கும், ஒரு ராத்திரி இருந்தால் இன்னும் நல்லது. மலையில் நேர் எதிர். இங்கே 1600 மீட்டர் உயரம், ஜூலையில் விடியற்காலை புல்லில் உறைபனி படிகிற நாளும் உண்டு, என் சமையலறை 14 டிகிரி. இந்த வீட்டுக்கு வந்த முதல் ஜூலையில் ஓட்டல் பழக்கத்திலேயே செய்தேன், கிண்ணமே ஐஸ் மாதிரி இருந்ததால் மூன்றாவது புரட்டலுக்குள் சாக்லேட் துருவல் துருவலாக உறைந்துவிட்டது. 18 வருஷ அனுபவம் ஒரு நிமிஷத்தில் போச்சு. இப்போது குளிர்காலத்தில் எல்லாக் கிண்ணத்தையும் முதலில் வெந்நீரில் கழுவித் துடைத்துச் சூடாக்கிக்கொள்கிறேன். உங்களுக்கு அந்தப் பிரச்சினை வராது, ஆனால் மலையில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போய்ச் செய்து காட்டப் போகிறேன் என்றால் ஞாபகம் வையுங்கள்.

மூஸை மூடி வையுங்கள். கொழுப்பு எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும், அதே ஃப்ரிட்ஜில் கருவாட்டு ருகாய் (இந்தத் தீவின் தக்காளிக் குழம்பு) திறந்து கிடந்தால் மறுநாள் சாக்லேட்டில் கருவாடு மணக்கும்.

வனிலா போடலாமா என்றால், ரெயுனியனில் இருந்துகொண்டு போடாமல் இருப்பது பாவம். ஒரு காயைக் கீறி உள்ளே இருக்கும் கறுப்பு விதையைச் சுரண்டி மஞ்சள் கருவில் கலந்துவிடுங்கள். உங்களுக்குப் பக்கத்து ஊரான சேந்த்-சுசானில்தான் 1841இல் எத்மோன் அல்பியூஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் வனிலாப் பூவைக் கையால் மகரந்தம் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்தான். ஒரு சின்னக் குச்சியும் கட்டைவிரலும், அவ்வளவுதான். இன்றைக்கும் உலகம் முழுக்கத் தோட்டங்களில் அந்த முறைதான். ஆனால் காய் விலை இருக்கிற விலையில், சுரண்டிய தோலை எறியாமல் சர்க்கரை டப்பாவில் போட்டு வையுங்கள்.

க்ரீம் விஷயம். பழைய வீட்டு மூஸில் க்ரீம் கிடையாது. க்ரீம் போட்டது வேறு பண்டம், கெட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பால் கொழுப்பு சாக்லேட்டின் கசப்பையும் புளிப்பையும் அமுக்கிவிடும், நாலு ஸ்பூனில் திகட்டும். முட்டை மூஸ் நாக்கில் நறுக்கென்று சாக்லேட்டாகவே இருக்கும். எனக்கு முட்டைதான். பச்சை முட்டைக்குப் பயந்தால் மட்டும் க்ரீம்: 200 கிராம் சாக்லேட்டை 150 மில்லி சூடான பாலில் கரைத்து, 40 டிகிரிக்கு ஆறவிட்டு, 300 மில்லி க்ரீமைத் தயிர்ப் பதத்துக்கு அடித்து அதே மாதிரிப் புரட்டிக் கலப்பது. க்ரீமில் 30 சதவீதத்துக்குக் குறையாமல் கொழுப்பு இருக்க வேண்டும், ‘லைட்’ என்று எழுதியது எழும்பவே எழும்பாது. கிண்ணம், பீட்டர் கம்பி, க்ரீம் எல்லாம் ஜில்லென்று இருக்க வேண்டும்; கிண்ணத்தையும் கம்பியையும் கால்மணி ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு ஜனவரிக் கல்யாணத்துக்கு 80 பேருக்கு இந்த க்ரீம் மூஸ் செய்தேன். ஏழு லிட்டர் க்ரீமை வெளியே எடுத்து வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன், திரும்பி வந்து அடித்தால் பாதி எழும்பவில்லை, எழும்பாததை இன்னும் வேகமாக அடித்ததில் திரண்டு வெண்ணெயாகிவிட்டது. தவறு முழுக்க என்னுடையதுதான். அன்றைக்குக் கல்யாண வீட்டுக்குப் பழக்கூட்டுதான் போயிற்று.

ஜெலட்டின் வேண்டாம். சரியாகக் கலந்த மூஸைச் சாக்லேட்டே நிறுத்தும். ஜெலட்டின் போட்டால் வெட்டுகிற மாதிரி நிற்கும், கேக்குக்கு நடுவே வைக்க அது சரி, கிண்ணத்து மூஸுக்கு ரப்பர்தான். அதுவும் அது பன்றித் தோலிலோ மாட்டிலோ எடுப்பது, உங்கள் மாமியார் வீட்டில் மாட்டிறைச்சி புழங்காது என்றால் கேட்காமல் போட்டு வம்பில் மாட்டாதீர்கள். கடற்பாசி அகர் இதற்குச் சரிவராது, கொதிக்கவைத்தால்தான் கரையும், மூஸில் கலக்கும்போதே ஆங்காங்கே உறைந்து கட்டி தட்டும்.

பச்சை முட்டை பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன். சால்மோனெல்லா என்ற கிருமியின் ஆபத்து சின்னது, ஆனால் இருக்கிறது. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், நோயாளிகள் பச்சை முட்டைப் பண்டம் சாப்பிட வேண்டாம் என்று பிரான்ஸின் உணவுப் பாதுகாப்பு அமைப்பான ஆன்செஸ் சொல்கிறது. மற்றவர்களுக்கும் செய்தவுடன் ஃப்ரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். நல்ல தேதி உள்ள, ஓடு கீறாத முட்டை எடுங்கள், முட்டையைக் கழுவி அடுக்காதீர்கள், கழுவினால் ஓட்டின் மேலிருக்கும் காப்பு போய்விடும். கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் நின்றால் மூஸைக் குப்பையில் போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். 2025 பிப்ரவரியில் கராண்ஸ் புயல் அடித்தபோது நான் பத்துக் கிண்ணத்தைக் கொட்டினேன், அதில் இரண்டைப் பக்கத்து வீட்டுப் பையன் கேட்டும் கொடுக்கவில்லை, இன்றுவரை அவனுக்கு வருத்தம்.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் இருப்பதால் சூடாக்குகிற வழியும் சொல்லி வைக்கிறேன். மஞ்சள் கருக்களோடு இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் இரண்டு ஸ்பூன் தண்ணீரும் சேர்த்து வெந்நீர்ச் சட்டி மேல் வைத்து, கை விடாமல் அடித்துக்கொண்டே 70 டிகிரி வரை கொண்டுபோங்கள். கையை நிறுத்தினால் பொரியலாகிவிடும். வெள்ளைக் கருவையும் 90 கிராம் சர்க்கரையோடு அதே மாதிரி 70 வரை சூடாக்கி, இறக்கி, ஆறும்வரை அடித்தால் மெரேங் மாதிரி பளபளவென்று எழும்பும். சர்க்கரை ஏறுவதால் இதற்கு 70 சதவீதச் சாக்லேட் எடுங்கள். இதற்குத் தெர்மாமீட்டர் இல்லாமல் முடியாது. உதடு இங்கே உதவாது.

கடைசியாக விரதம். காவடிக்கு முன் பத்து நாள் கரேம் என்று இங்கே சொல்லும் விரதம் இருப்பவர்கள் மீன், இறைச்சி, முட்டை எதையும் தொட மாட்டார்கள். அந்த நாளில் மூஸ் சாப்பிடலாமா என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களும் கோயில் ஐயரும் சொல்லட்டும், செய்யும் வழியை மட்டும் நான் சொல்கிறேன். எனக்கு ரொம்பப் பிடித்தது தண்ணீர் மூஸ். எர்வே திஸ் என்ற பிரெஞ்சு வேதியியல்காரர் 1995இல் காட்டியது. க்ரீம் என்பது என்ன, தண்ணீரில் கொழுப்பு மிதப்பது. சாக்லேட்டிலும் கொழுப்பு இருக்கிறதே, அதைத் தண்ணீரில் கரைத்து அடித்தால் க்ரீம் மாதிரி எழும்பாதா என்று கேட்டார், எழும்பியது. 250 கிராம் 70 சதவீதச் சாக்லேட், 225 மில்லி தண்ணீர், வேண்டுமானால் சர்க்கரை. சேர்த்துச் சூடாக்கி வழவழவென்று கரைத்துக்கொண்டு, கிண்ணத்தை ஐஸ் தண்ணீரில் உட்காரவைத்து அடியுங்கள். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்காது. ஐயோ ஏமாந்தோம் என்று நினைக்கிற நேரத்தில் சட்டென்று நிறம் வெளுத்துக் கம்பியில் கோடு விழும். அந்த நொடியில் நிறுத்தி உடனே கிண்ணத்தில் எடுங்கள், இன்னும் பத்து வினாடி அடித்தால் மணலாகிவிடும். ஆனால் இது மாதிரி மன்னிக்கிற பண்டம் வேறு கிடையாது. மணலானால் திரும்ப உருக்கி ஒரு ஸ்பூன் தண்ணீர் விடுங்கள், எழும்பாவிட்டால் உருக்கி ஒரு துண்டு சாக்லேட் போடுங்கள், மறுபடி அடியுங்கள்.

இன்னொன்று கொண்டைக்கடலைத் தண்ணீர். 2014இல் ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சு இசைக்கலைஞர், டப்பாக் கடலையின் தண்ணீர் வெள்ளைக் கரு மாதிரி நுரைப்பதைக் கண்டு எழுதினார், மறுவருஷம் அமெரிக்காவில் அதற்கு அக்வாஃபாபா என்று பெயர் வைத்தார்கள். நாம் சுண்டலுக்கு வேகவைத்து வடித்துக் கொட்டுகிற தண்ணீர்தான். உப்பில்லாமல் வேகவைத்து, தண்ணீரை வழுவழுப்பாகும்வரை சுண்டவைத்து, நன்றாக ஆறிய பிறகு எலுமிச்சை விட்டு அடியுங்கள், முட்டையைவிட அதிக நேரம் பிடிக்கும், பத்து நிமிஷம்கூட ஆகலாம். 150 மில்லிக்கு 150 கிராம் சாக்லேட். கலக்கும்போது நுரை நன்றாகவே இறங்கும், அது அப்படித்தான். அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும், மறுநாள் தண்ணீர் விடும். கடலை வாசம் வருமா என்றால், பச்சையாக நக்கிப் பார்த்தால் வரும், சாக்லேட்டோடு சேர்ந்தால் எனக்குத் தெரிந்ததில்லை.

14 பேருக்கு வருவோம். இந்த அளவு எட்டுப் பேருக்குச் சரி. அதற்காக 12 முட்டையை ஒரே கிண்ணத்தில் அடிக்காதீர்கள், வீட்டுக் கிண்ணத்தில் அவ்வளவு நுரையை அலுங்காமல் புரட்ட முடியாது, மேலே வெள்ளை, கீழே சாக்லேட் என்று கிடக்கும். சனிக்கிழமை சாயங்காலம் வெயில் இறங்கியதும் ஆறு முட்டையாக இரண்டு தடவை செய்யுங்கள், முதல் ஈடு ஃப்ரிட்ஜுக்குப் போன பிறகே இரண்டாம் ஈட்டுக்கு முட்டையை வெளியே எடுங்கள். ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடியும்போது சரியாக இருக்கும். 16 கிண்ணம் வரும், 14 பேருக்குக் கொடுத்தது போக இரண்டு மிஞ்சும். கிண்ணம் போதாவிட்டால் காபிக் கப்பிலேயே ஊற்றுங்கள், இங்கே பல வீடுகளில் அப்படித்தான் வைக்கிறார்கள். ஈடு எப்படி வந்தது என்று எழுதுங்கள், திரிந்தால் அந்தத் துகள் கரைந்ததா நறநறத்ததா என்பதையும் சேர்த்து.